சீனச் சிந்தனைக்குள் மேலைநாட்டுச் சர்வதேசச் சட்டம் நுழைந்த வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வதேசச் சட்டத்தை 19ஆம் நூற்றாண்டுச் சீனா எவ்வாறு எதிர்கொண்டது என்ற கேள்விக்கு வழக்கமாக ஒரு சுருக்கமான விடை சொல்லப்படுகிறது: தன்னை உலகின் நடுநாடு என்று கருதிய ஒரு பேரரசு, பிற நாடுகளைச் சமமாக மதிக்கத் தெரியாமல் இருந்து, தோல்விகளுக்குப் பிறகே பாடம் கற்றுக்கொண்டது என்பதே அந்த விடை. ஆவணங்கள் காட்டும் வரிசை வேறு. அந்தச் சட்டத்தின் பெயரால் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் முதலில் வந்தன. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை விளக்கும் முழுமையான நூல் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே சீன மொழியில் கிடைத்தது. கீழ்வரும் விடைகள் இந்த வரிசையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

மேலைச் சட்டம் வருவதற்கு முன் சீனாவிடம் வெளியுறவுக்கான விதிகள் இருந்தனவா?

இருந்தன, அவை மிக விரிவாகவும் இருந்தன. கொரியா, வியட்நாம், ரியூக்யூ போன்ற அரசுகளின் தூதர்கள் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாம், எந்த வழியாக வரவேண்டும், என்ன காணிக்கை கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் அன்று சீனாவை ஆண்ட சிங் அரசின் சடங்கு அமைச்சகம் வரையறுத்திருந்தது. மங்கோலியா, திபெத் முதலிய பகுதிகளின் விவகாரங்களைத் தனி அலுவலகம் ஒன்று கவனித்தது. இந்தக் கப்ப முறையில் பேரரசரே உச்சியில் இருந்தார். ஆகவே இரு சம அரசுகள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்வது என்பதற்கு அதில் இயல்பான இடம் இல்லை.

ஆனாலும் நடைமுறை கொள்கையைவிட நெகிழ்வாகவே இருந்தது. 1689இல் ரஷ்யாவுடன் செய்துகொள்ளப்பட்ட நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கையில் இரு தரப்பும் சமமாகவே நடத்தப்பட்டன. இயேசு சபைத் துறவிகளான தாமஸ் பெரெய்ராவும் ழான் பிரான்சுவா ஜெர்பியோனும் சீனத் தரப்பின் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்ததால் அதன் அதிகாரபூர்வப் பாடம் லத்தீன் மொழியில் அமைந்தது. எல்லைச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஐரோப்பியச் சட்டக் கருத்து என்ற வகையில் அந்நிகழ்வு சீன எழுத்தாளர்களிடையே எந்தத் தடத்தையும் விட்டுச்செல்லவில்லை.

மேலைச் சர்வதேசச் சட்டத்தைச் சீன மொழியில் முதலில் கேட்டுப் பெற்றவர் யார்?

அபின் கடத்தலை ஒழிப்பதற்காகப் பேரரசரால் குவாங்சோவுக்கு அனுப்பப்பட்ட ஆணையர் லின் செஷு. 1839ஆம் ஆண்டில் அவர் பிரிட்டிஷ் வணிகர்களிடமிருந்து 20,000க்கும் மேற்பட்ட பெட்டி அபினைக் கைப்பற்றி ஹுமென் கடற்கரையில் அழித்தார். அதே ஆண்டு கோடையில் கவ்லூன் பகுதியில் ஆங்கில மாலுமிகள் சிலர் லின் வெய்ஷி என்ற கிராமவாசியை அடித்துக் கொன்றபோது, குற்றவாளியை ஒப்படைக்கப் பிரிட்டிஷ் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட் மறுத்தார். ஒரு நாட்டின் மண்ணில் நடந்த கொலையை விசாரிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி லின்னின் முன் நேரடியாக நின்றது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எமெர் த வாட்டெல் 1758இல் வெளியிட்ட நாடுகளின் சட்டம் பற்றிய நூலிலிருந்து சில பகுதிகளை மொழிபெயர்க்க அவர் ஏற்பாடு செய்தார். அமெரிக்க மருத்துவ மிஷனரியான பீட்டர் பார்க்கர் முதலில் மொழிபெயர்த்தார். அவருடைய சீனம் தெளிவற்றதாக இருந்ததால், யுவான் தெஹுவி என்பவரும் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டார். பினாங்கிலும் மலாக்காவிலும் மிஷனரிப் பள்ளிகளில் பயின்று லத்தீனும் ஆங்கிலமும் அறிந்திருந்தவர் அவர்.

எந்தப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது நூலை யார் மொழிபெயர்த்தார் என்பதைவிட முக்கியமானது. அயல்நாட்டுச் சரக்குகளைத் தடைசெய்ய ஓர் அரசுக்கு உரிமை உண்டு, கடத்தல் பொருளைப் பறிமுதல் செய்யலாம், ஒரு நாட்டுக்குள் வரும் அந்நியர் அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், எந்தச் சூழலில் போர் தொடுக்கலாம் ஆகியவையே அவற்றின் பொருள். ஒரு வழக்கறிஞர் தம் கட்சிக்கு உதவும் பிரிவுகளைத் தேடி எடுப்பதைப் போலவே லின் வாட்டெலை அணுகினார். சீனாவின் முதல் வாசிப்பே இவ்வளவு குறிநோக்குடையதாக இருந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அபின் அழிப்பைத் தொடர்ந்து பிரிட்டன் தொடுத்த முதலாம் அபின் போரை அந்த மொழிபெயர்ப்பு தடுத்ததா?

இல்லை. விக்டோரியா அரசிக்கு லின் எழுதிய கடிதத்தில், இங்கிலாந்துக்கு வணிகம் செய்யச் செல்லும் அந்நியர் ஆங்கிலச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியிருக்கும்போது சீனாவுக்கு வருவோர் சீனச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டாமா என்ற வாதம் இடம்பெற்றது. அக்கடிதத்தால் எப்பயனும் விளையவில்லை. லின் பதவி இழந்து நாட்டின் மேற்கெல்லைக்கு அனுப்பப்பட்டார். மொழிபெயர்க்கப்பட்ட பகுதிகளை அவருடைய நண்பர் வெய் யுவான் கடல்சார் நாடுகளைப் பற்றிய தம் பெருந்தொகுப்பில் சேர்த்துக்கொண்டதால் அவை அழியாமல் தப்பின.

சமனற்ற ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட சீன அதிகாரிகள் அவற்றின் விளைவை உணர்ந்திருந்தார்களா?

பெரும்பகுதி உணரவில்லை என்றே சொல்ல வேண்டும். அப்போரின் முடிவில் 1842 ஆகஸ்டு மாதத்தில் கையெழுத்தான நான்ஜிங் ஒப்பந்தம் ஹாங்காங்கைப் பிரிட்டனுக்கு அளித்தது, ஐந்து துறைமுகங்களைத் திறந்தது, 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் இழப்பீட்டையும் விதித்தது. இவற்றின் சுமை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்த துணை ஒப்பந்தங்களில் இருந்த இரண்டு பிரிவுகள் அதைவிட ஆழமாகச் சென்றன. அந்நியர் தம் நாட்டுத் தூதரக அதிகாரியின் முன்னிலையில், தம் நாட்டுச் சட்டப்படியே விசாரிக்கப்படுவர் என்பது ஒன்று. 1844இல் அமெரிக்காவுடன் செய்யப்பட்ட வாங்ஷியா ஒப்பந்தம் இதை மிக விரிவாக வரையறுத்தது. ஒரு நாட்டுக்குத் தரப்படும் சலுகை மற்ற நாடுகளுக்கும் தானாகவே கிடைக்கும் என்பது மற்றொன்று.

சிங் அதிகாரிகளின் கண்ணில் இவை பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகத் தோன்றின. துறைமுகத்தில் தங்கும் அந்நிய வணிகக் குழு தன் தகராறுகளைத் தன் தலைவனைக் கொண்டே தீர்த்துக்கொள்வது பல நூற்றாண்டுகளாக நிலவிய ஏற்பாடு. எல்லா அந்நியரையும் வேறுபாடின்றி நடத்துவது பேரரசரின் பெருந்தன்மைக்கு அடையாளம். அந்த ஏற்பாட்டைப் பேரரசர் விரும்பினால் திரும்பப் பெறலாம். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உரிமையை அப்படித் திரும்பப் பெற முடியாது. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தரக்கூடிய நூல் எதுவும் அப்போது அவர்களின் மேசையில் இல்லை.

1864இல் வெளிவந்த முதல் முழுநூல் எவ்வாறு உருவானது?

இரண்டாம் அபின் போரின் முடிவில் 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தன. அந்நியத் தூதர்கள் தலைநகரிலேயே தங்கும் உரிமை பெற்றனர். அவர்களுடன் அன்றாடம் பேச 1861இல் சோங்லி யாமென் என்ற புதிய வெளியுறவு அலுவலகமும், மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்க 1862இல் டோங்வென் குவான் என்ற மொழிப்பள்ளியும் தொடங்கப்பட்டன. யாமெனுக்கு இளவரசர் கோங்கும் மூத்த அதிகாரி வென்சியாங்கும் தலைமை தாங்கினர். அந்நியத் தூதர்கள் பேச்சுவார்த்தையில் ஏதோ ஒரு நூலை மேற்கோள் காட்டித் தம் கோரிக்கைகளை நியாயப்படுத்துவதை இவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர்.

வில்லியம் மார்ட்டின் 1850இல் நிங்போவுக்கு வந்த அமெரிக்கப் பிரஸ்பிட்டீரியன் மிஷனரி. 1858இல் தியான்ஜின் பேச்சுவார்த்தைகளில் அமெரிக்கத் தரப்பின் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது இத்தகைய நூலின் தேவையை உணர்ந்தார். வாட்டெலை மொழிபெயர்க்க எண்ணியிருந்த அவருக்கு, காலத்துக்கு இன்னும் பொருந்தும் நூல் என்று ஹென்றி வீட்டனின் சர்வதேசச் சட்டக் கூறுகள் பரிந்துரைக்கப்பட்டது. வீட்டன் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கத் தூதர். அவருடைய நூல் 1836இல் முதன்முதலாக வெளிவந்தது. 1863இல் அமெரிக்கத் தூதர் ஆன்சன் பர்லிங்கேம் மார்ட்டினை யாமெனுக்கு அறிமுகப்படுத்தினார். அதற்கு முன்பே, சீனச் சுங்கத்துறையின் தலைவரான ராபர்ட் ஹார்ட் அதே நூலிலிருந்து தூதர்களின் உரிமைகளைப் பற்றிய 24 பிரிவுகளை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். மார்ட்டினைச் சந்தித்த வென்சியாங் முதலில் கேட்டதும் அந்த 24 பிரிவுகள் அவருடைய நூலில் உள்ளனவா என்பதே.

மார்ட்டினின் சீனத்தைச் செம்மைப்படுத்த இளவரசர் கோங் நான்கு செயலர்களை நியமித்தார். அச்சுச் செலவுக்கு 500 டேல் (சீன எடை அளவு) வெள்ளி ஒதுக்கப்பட்டது. 300 படிகளை அரசு பெற்றுத் துறைமுக அதிகாரிகளுக்கு அனுப்பியது. ‘வான்குவோ கோங்ஃபா’, அதாவது எல்லா நாடுகளுக்குமான பொதுச்சட்டம், என்பது நூலுக்கு இடப்பட்ட பெயர். ஐரோப்பியச் சட்டத்தைச் சீனர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் இந்த ஆளை ஒழித்துக்கட்டுங்கள், இவன் நமக்கு முடிவில்லாத தொல்லை தருவான் என்ற கருத்தில் பெய்ஜிங்கிலிருந்த பிரெஞ்சுத் தூதரகப் பொறுப்பாளர் சீறியதாக மார்ட்டின் தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். அந்நூலுக்கு இதைவிடச் சிறந்த பாராட்டு கிடைத்திருக்க முடியாது.

நூலை அச்சிட்டதால் சீனா அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டதாகப் பொருளா?

இல்லை, அப்படிப் பொருள் கொள்ளப்படக் கூடாது என்பதில் இளவரசர் கோங் மிகவும் கவனமாக இருந்தார். 1864இல் அவர் அரசவைக்கு அனுப்பிய விண்ணப்பம் இந்த வரலாற்றின் மிகச் சுவையான ஆவணம். நூலைக் காட்டி அதன்படி நடக்குமாறு அந்நியர் வற்புறுத்தக்கூடும் என்று அஞ்சியதால், சீனாவுக்கெனத் தனி முறைமைகள் உண்டு, அயல்நாட்டு நூலைப் பார்ப்பது எங்களுக்கு வசதிப்படாது என்று மார்ட்டினிடம் முன்கூட்டியே சொல்லிவைத்ததாக அவர் எழுதுகிறார். சிங் அரசின் சட்டத் தொகுப்பும் அயல்மொழியில் வந்திருக்கிறது, அதன்படி நடக்குமாறு சீனா பிற நாடுகளை வற்புறுத்தவில்லையே, பிறகு ஓர் அயல்நூல் எப்படிச் சீனாவை வற்புறுத்தும் என்று மார்ட்டின் பதிலளித்திருக்கிறார். நூல் சீன முறைமையுடன் முழுதும் பொருந்தவில்லை, எனினும் பயன்படுத்தத்தக்க இடங்கள் சில உள்ளன என்பது இளவரசரின் முடிவு. கருவியாக வைத்துக்கொள்வோம், கட்டுப்பட மாட்டோம் என்பதே இதன் சாரம்.

டென்மார்க் கப்பல்கள் நிகழ்வு என்ன?

1864 வசந்த காலத்தில் ஐரோப்பாவில் பிரஷ்யாவும் டென்மார்க்கும் போரிட்டுக்கொண்டிருந்தன. சீனாவுக்குப் புதிய தூதராக வந்த பிரஷ்யாவின் ரேஃபூஸ் ஒரு போர்க்கப்பலில் தாகு துறைமுகத்தை அடைந்தபோது, அங்கிருந்த மூன்று டேனிஷ் வணிகக் கப்பல்கள் பிடிக்கப்பட்டன. அந்த நீர்ப்பரப்பு சீனாவின் ஆட்சிக்கு உட்பட்டது, அங்கே அந்நியர் தம் போரை நடத்த முடியாது என்று யாமென் எதிர்ப்புத் தெரிவித்தது. சிக்கல் தீரும்வரை அத்தூதரை வரவேற்கவும் மறுத்தது. கப்பல்கள் விடுவிக்கப்பட்டன, இழப்பீடும் தரப்பட்டது. அச்சேறாத அந்நூலின் வாதத்தை, நூலின் பெயரைச் சொல்லாமலே பயன்படுத்தியதாக இளவரசர் அதே விண்ணப்பத்தில் குறிப்பிடுகிறார்.

இது சட்டத்தின் வெற்றியாகப் பாடநூல்களில் கொண்டாடப்படுவது சற்று மிகை. பிரஷ்யாவுக்கு அன்று சீனக் கடலில் பெரும் படைபலம் இல்லை. புதிதாக வந்த தூதருக்கு அங்கீகாரமும் தேவைப்பட்டது. பிரிட்டனோ பிரான்சோ அதைச் செய்திருந்தால் முடிவு இப்படி இருந்திருக்கும் என்று நம்ப இடமில்லை.

மொழிபெயர்ப்பில் நூலின் கருத்து மாறியதா?

ஓரிடத்தில் குறிப்பிடத்தக்க அளவு மாறியது. நாடுகளிடையிலான பொதுச்சட்டம், சில விலக்குகள் தவிர, ஐரோப்பாவின் நாகரிகமடைந்த கிறித்தவ மக்களுக்கும் ஐரோப்பிய வழிவந்தோருக்கும் மட்டுமே உரியதாக இருந்து வந்திருக்கிறது என்று வீட்டன் எழுதியிருந்தார். மார்ட்டினின் சீனப் பாடத்தில் இந்த வரையறை மழுங்கி, எல்லா நாடுகளுக்கும் இயற்கையாகவே பொருந்தும் நீதி என்ற சாயல் மேலோங்கியது. அவருக்கு இதில் தனி நோக்கமும் உண்டு: கடவுளை ஏற்காத ஓர் அரசை இறைவனின் நிலையான நீதியை நோக்கித் திருப்ப இந்நூல் உதவும் என்று அவர் நம்பினார். இதனால் சீன வாசகர்கள் மூலநூல் தந்ததைவிடப் பெரிய வாக்குறுதியைப் படித்தனர். பிற்காலத்து ஏமாற்றத்தின் அளவும் அதற்கேற்பப் பெரிதாயிற்று.

உரிமை, இறையாண்மை ஆகியவற்றுக்கு இன்றும் சீனத்தில் வழங்கும் சொற்கள் இந்நூலின் வழியாகவே பரவின.

பழஞ்சீன மரபுடன் இச்சட்டத்தை ஒப்பிட்டார்களா?

ஆம். நூலுக்கு முன்னுரை எழுதிய சாங் ஸிகுயி, அன்றைய வல்லரசுகளை வசந்த-இலையுதிர் காலம் எனப்படும் பண்டைய யுகத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்ட சி, ஜின், சின், சூ முதலிய அரசுகளுடன் ஒப்பிட்டார். அக்காலத்து அரசுகளும் தூதர்களை அனுப்பின, கூட்டணி அமைத்தன, போருக்கு விதிகள் வைத்துக்கொண்டன. மார்ட்டினே 1881இல் பெர்லினில் நடந்த கீழைத்தேயவியல் மாநாட்டில் பண்டைய சீனாவில் சர்வதேசச் சட்டத்தின் சுவடுகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். வரலாற்று ஆய்வு என்ற நிலையில் இந்த ஒப்பீடு உறுதியானதன்று. அந்த அரசுகள் அனைத்தும் பெயரளவிலேனும் ஒரே மன்னருக்குக் கீழிருந்தவை. ஆனால் செவ்வியல் நூல்களில் ஊறிய ஓர் அதிகாரி அந்நிய நூலைக் கூச்சமின்றிக் கையில் எடுக்க அது வழி செய்தது.

ஜப்பானின் பங்கு என்ன?

மார்ட்டினின் நூல் 1865இலேயே ஜப்பானில் மறுபதிப்புப் பெற்று, சீனாவைவிட அங்கே வேகமாகப் பரவியது. அதன் விளைவைச் சீனா 1874இல் நேரில் கண்டது. தைவானில் ரியூக்யூ மாலுமிகள் 54 பேர் 1871இல் பழங்குடியினரால் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி ஜப்பான் அங்கே படை அனுப்பியது. தீவின் கிழக்குப் பகுதியில் சீனாவின் நிர்வாகம் உண்மையில் நடைபெறவில்லை, ஆகவே அது சீன மண் ஆகாது என்பது ஜப்பானியர் வாதம். பழங்குடியினரின் வழக்கங்களில் நாங்கள் தலையிடுவதில்லை, நிலம் எங்களுடையதே என்பது யாமெனின் பதில். பொதுச்சட்ட நூல் மேலைநாட்டார் அண்மையில் தொகுத்தது, அதில் எங்கள் நாட்டைப் பற்றி எதுவும் இல்லை என்றும் சீனத் தரப்பு வாதிட்டது. முடிவில் 5,00,000 டேல் கொடுத்துப் படையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

இருபதாண்டுகளுக்குப் பின் ‘சர்வதேசச் சட்டம்’ என்பதற்கான சொல்லே ஜப்பானிலிருந்து சீனாவுக்கு வந்து, மார்ட்டினின் ‘பொதுச்சட்டத்தை’ வழக்கிலிருந்து அகற்றியது.

சீனத் தூதர்கள் இச்சட்டத்தைக் கொண்டு ஏதேனும் சாதித்தார்களா?

மேற்கெல்லையிலுள்ள இலி பள்ளத்தாக்கு விவகாரமே சிறந்த எடுத்துக்காட்டு. ரஷ்யப் படைகள் பிடித்துவைத்திருந்த அப்பகுதியை மீட்க அனுப்பப்பட்ட சோங்ஹோ, 1879இல் ரஷ்யாவின் லிவாடியாவில் பெரும்பகுதி நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். தூதர் கையெழுத்திட்டாலும் அரசு உறுதி செய்யாத ஒப்பந்தம் செல்லாது என்ற விதியைப் பற்றிக்கொண்டு சீனா அதை நிராகரித்தது. கோபத்தில் சோங்ஹோவுக்கு மரண தண்டனையும் விதித்தது. அந்நியத் தூதர்கள் எதிர்த்ததால் அது நிறைவேறவில்லை. பின்னர் சென்ற தூதர் ஸெங் ஜீஸெ, 1881 பிப்ரவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் புதிய ஒப்பந்தம் செய்து, பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை மீட்டார். அதற்காக ரஷ்யாவுக்குத் தரவேண்டிய தொகை 50 லட்சம் ரூபிளிலிருந்து 90 லட்சமாக உயர்ந்தது. சட்ட வாதத்துடன் சீனத் தளபதி சோ சோங்தாங்கின் படையும் அப்போது மேற்கெல்லையில் நின்றுகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சீன அறிஞர்கள் இச்சட்டத்தை நம்பினார்களா?

கருத்து ஒன்றாக இருக்கவில்லை. ஒரே மனிதரின் கருத்தும் நிலைத்து நிற்கவில்லை. 1880இல் எழுதிய சீர்திருத்தச் சிந்தனையாளர் செங் குவான்யிங், சீனா தன்னைப் பல நாடுகளுள் ஒன்றாகக் கருதிக்கொண்டால்தான் பொதுச்சட்டம் அதற்குப் பயன்படும் என்றார். 1890களில் அவரே, வலியவன் இச்சட்டத்தைக் கொண்டு பிறரைக் கட்டுப்படுத்துகிறான், எளியவன் குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று எழுதும் நிலைக்கு வந்தார்.

லண்டன், பாரிஸ் நகரங்களில் தூதராக இருந்த ஷுவே ஃபூசெங் 1892இல் எழுதிய கட்டுரை, சீனா பொதுச்சட்டத்துக்கு வெளியே நிற்பதால் அடையும் தீங்குகளைப் பற்றியது. உங்கள் பொதுச்சட்டத்தில் சேர எங்களுக்கு விருப்பமில்லை என்று பழைய அதிகாரிகள் பெருமையாகச் சொன்னதை அந்நியர் அப்படியே பிடித்துக்கொண்டனர், பிற நாடுகளுக்கு இல்லாத சுமைகளைச் சீனாவின் மீது ஏற்றினர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. என் பார்வையில் அக்காலத்தின் மிகக் கூர்மையான கட்டுரை இதுவே. பழியைத் தன் வீட்டிலும் அயல் வீட்டிலும் சமமாக வைக்கும் துணிவு அதில் இருக்கிறது.

நிகழ்ச்சிகள் நம்பிக்கையாளருக்கு உதவவில்லை. 1884 ஆகஸ்டில் பிரான்சு முறைப்படி போர் அறிவிக்காமலே ஃபூசோவில் சீனக் கப்பற்படையை அழித்தது. 1894 ஜூலை 25 அன்று, சீன-ஜப்பானியப் போர் அறிவிக்கப்படுவதற்கு முன், சீனப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற பிரிட்டிஷ் உடைமையான கௌஷிங் கப்பலை ஜப்பானியக் கப்பல் மூழ்கடித்தது; ஹாலண்ட், வெஸ்ட்லேக் என்னும் இரு ஆங்கிலச் சட்ட அறிஞர்கள் ஜப்பானின் செயல் சட்டப்படி சரியே என்று எழுதினர். அப்போரில் ஜப்பான் தன் படையுடன் சர்வதேசச் சட்ட ஆலோசகர்களையும் அனுப்பியிருந்தது.

1900ஆம் ஆண்டு நிகழ்வுகள் இந்த வரலாற்றில் எங்கே பொருந்துகின்றன?

1898இல் ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில் பொதுச்சட்டக் கழகம் ஒன்று அமைக்கப்பட்டது. சீர்திருத்தவாதிகளிடையே இச்சட்டம் உலக ஒழுங்குக்கான ஓர் இலட்சியமாகவும் பேசப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்நியருக்கு எதிரான பாக்ஸர் எழுச்சியின்போது ஜெர்மானியத் தூதர் பெய்ஜிங் தெருவில் கொல்லப்பட்டார், தூதரகங்கள் 55 நாட்கள் முற்றுகையிடப்பட்டன. ஹார்ட் 24 பிரிவுகளாக மொழிபெயர்த்துக் கொடுத்த தூதர் உரிமைகள்தான் அங்கே மீறப்பட்டன. 73 வயதான மார்ட்டினும் முற்றுகைக்குள் சிக்கியிருந்தார். 1901 உடன்படிக்கை 45 கோடி டேல் இழப்பீட்டை விதித்தது. சோங்லி யாமென் கலைக்கப்பட்டு முறையான வெளியுறவு அமைச்சகம் அதன் இடத்தில் அமைந்தது.

சமனற்ற ஒப்பந்தங்கள் எப்போது நீங்கின?

1902இல் பிரிட்டன், சீனச் சட்டங்கள் மேலை முறைக்கு ஒத்துவரும்போது சீனாவில் தன் குடிமக்களைத் தானே விசாரிக்கும் தனி நீதி அதிகாரத்தைக் கைவிடத் தயார் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது. சட்ட அறிஞர் ஷென் ஜியாபென் தலைமையில் நடந்த சட்டச் சீர்திருத்தத்துக்கு இது பெரும் தூண்டுகோல். 1899, 1907 ஹேக் அமைதி மாநாடுகளில் சீனா கலந்துகொண்டது. இரண்டாவது மாநாட்டில், உத்தேச நீதிமன்றத்தின் நீதிபதி இடங்களில் சீனாவை மூன்றாம் தர நாடாக வைக்கும் திட்டத்தைத் தூதர் லூ செங்ஷியாங் எதிர்த்தார்.

அடுத்த தலைமுறை சட்டத்தை அந்நியப் பல்கலைக்கழகங்களிலேயே பயின்றது. கொலம்பியாவில் சீனாவிலுள்ள அந்நியரின் நிலையைப் பற்றி ஆய்வு செய்து 1912இல் முனைவர் பட்டம் பெற்ற சீனத் தூதர் வெலிங்டன் கூ, 1919 பாரிஸ் மாநாட்டில் ஷாண்டோங் மாகாணத்துக்காக வாதாடினார். வாதம் பாராட்டப்பட்டது, அங்கே ஜெர்மனிக்கு இருந்த உரிமைகள் ஜப்பானுக்கே தரப்பட்டன, சீனா வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1926இல் பெல்ஜியத்துடனான 1865ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகச் சீனா தானாகவே அறிவித்தது. பெல்ஜியம் ஹேக் நீதிமன்றத்தை நாடியது; சீனா அங்கே வாதாட முன்வரவில்லை; 1928இல் இரு நாடுகளும் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. அமெரிக்காவும் பிரிட்டனும் 1943 ஜனவரி 11 அன்று செய்த ஒப்பந்தங்களால் தம் தனி நீதி அதிகாரத்தைக் கைவிட்டன. அப்போது ஜப்பானுக்கு எதிரான போரில் சீனா அவ்விரண்டின் நட்பு நாடு. பிரான்சு 1946இல் கைவிட்டது.